கௌரவ சுகாதாரத் தொழிலாளி

சிப்பித்துறை நகரசபையில் பாலம்மா பதினேழு ஆண்டுகள் தற்காலிகத் துப்புரவுத் தொழிலாளியாக வேலை செய்தாள். அந்தப் பதினேழு ஆண்டுகளில் நான்கு தவிசாளர்கள் வந்து போனார்கள். இரண்டு உழவு இயந்திரங்கள் துருப்பிடித்துச் செத்தன. சண்டைக் காலத்தில் சபையே ஒருமுறை இடம்பெயர்ந்தது. அப்போது சபையின் முத்திரையையும் கோவைகளையும் குப்பை வண்டியில் ஏற்றி எட்டுக் கட்டை தூரம் தள்ளிக்கொண்டு போனவள் அவள்தான். நிரந்தரமானவர்கள் எல்லோரும் அதற்கு முதல்நாளே போய்விட்டிருந்தார்கள்.

அவளுடைய தகப்பன் எழுபத்தேழுக் கலவரத்தில் மலைநாட்டுத் தோட்டமொன்றிலிருந்து அடிபட்டு ஓடிவந்து, மன்னார்க் கரையில் காடு வெட்டிக் குடியேறியவர். அந்தக் குடியேற்றத்துக்கு ஐம்பது வீடு என்று பெயர். வீடுகள் முப்பத்தொன்றுதான். மிச்சம் பத்தொன்பதும் ஏதோ ஒரு திட்டத்தின் கடிதத்தில் இருந்தன.

நாற்பத்து மூன்றாவது வயதில் பாலம்மாவுக்கு நிரந்தர நியமனம் பற்றிய கவலை வந்தது. புருஷன் மாரிமுத்து லொறியிலிருந்து நெல்மூட்டை இறக்கும்போது விழுந்து முதுகெலும்பை முறித்துக்கொண்டு படுக்கையில் கிடந்தான். மகள் கிருசாந்தினிக்குப் பன்னிரண்டு வயது. சபையின் பிரதம லிகிதர் இந்திராதேவி சுற்றறிக்கையை வாசித்துச் சொன்னாள்.

"நாப்பத்தஞ்சு வயசுக்குள்ள நிரந்தரமாக்க வேணும் பாலம்மா. ஒரு நாள் கூடினாலும் ஏலாது. அதுக்குச் சபை ஒரு தீர்மானம் எடுத்தால் போதும். தவிசாளரிட்டக் கேளுங்கோ."

தவிசாளர் இரத்தினம் ஊரில் சீமெந்தும் தகரமும் விற்றுக்கொண்டிருந்து அரசியலுக்கு வந்தவர். நகரசபைக்குச் சட்டப்படி மேயர் கிடையாது, தவிசாளர்தான். அது அவருக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் கூட்டத்துக்குக் கூட்டம் கைகூப்பி, "தயவுசெய்து ஒருத்தரும் என்னை மேயர் எண்டு கூப்பிடாதேங்கோ" என்று கேட்டுக்கொள்வார். அதற்கு முன் அவரை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. மூன்றாம் மாதம் ஊர் முழுவதும் மேயர் என்றது. மக்கள் தீர்ப்புக்கு அவர் தலைவணங்கினார். ஜீப்பின் முன்கண்ணாடியிலும் எழுதுவித்தார்.

புதன்கிழமை பொதுமக்கள் நாள். பாலம்மா காலை எட்டு மணிக்குப் போய், மத்தியானம் ஒன்றரைக்கு உள்ளே அழைக்கப்பட்டாள்.

"ஐயா, எனக்கு நாப்பத்தி மூணு நடக்குதுங்க. நாப்பத்தஞ்சுக்குள்ள நிரந்தரம் ஆக்கலேன்னா அப்புறம் ஆக்க மாட்டாங்களாம்."

இரத்தினம் கதிரையில் சாய்ந்து மின்விசிறியைப் பார்த்தார்.

"நிரந்தரம் எண்டால் என்ன பாலம்மா? இந்தக் கதிரை எனக்கு நிரந்தரமே? நாலு வருஷம். பிறகு மக்கள் எழும்பெண்டால் எழும்ப வேணும். நீ பதினேழு வருஷமா இருக்கிறாய். ஒருத்தரும் உன்னை எழுப்பேல்லை. எங்கள் ரெண்டு பேரில ஆர் நிரந்தரம், ஆர் தற்காலிகம்? நீயே சொல்லு."

அவர் சொன்னபடி பார்த்தால் அவர் நிலைமைதான் மோசமாக இருந்தது. வெளியே வந்தபோது பாலம்மா அவருக்காகக் கொஞ்சம் வருத்தப்பட்டாள்.

"ஆனால் உன்ர சேவையை நான் மறக்க மாட்டன். சபை உன்னைக் கௌரவிக்கும்" என்று அவர் அவளுடைய முதுகுக்குப் பின்னால் சொன்னது, கதவு சாத்தப்படுவதற்குள் அவள் காதில் விழுந்தது.

சொன்னபடியே கௌரவித்தார். அடுத்த மாதம் நகரத் தூய்மை நாள் வந்தது. பஸ் நிலையத்தில் பந்தல் போட்டு, மாவட்டத்துப் பெரிய மனிதர்களை அழைத்திருந்தார்கள். பாலம்மா வழக்கம்போல விடிய ஐந்து மணிக்கு வந்து பஸ் நிலையத்தைத் துப்புரவாகக் கூட்டி, அங்கே படுத்திருந்த கழுதைகளைத் துரத்தி, அவை போட்டிருந்ததையும் அள்ளி முடித்திருந்தாள். ஏழு மணிக்கு வந்த இரத்தினத்தின் முகம் வெளுத்துப் போனது.

"என்ன வேலை பாத்து வச்சிருக்கிறாய்? எட்டு மணிக்கு வாற விருந்தாளிகள் எதைக் கூட்டிறது?"

இரண்டு உழவு இயந்திரப் பெட்டி நிறையச் சருகு கொண்டுவந்து கொட்டினார்கள். குப்பை மேட்டிலிருந்து குப்பையையே கொண்டுவரலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். மணக்கும் என்று அது கைவிடப்பட்டது. வெற்றுப் போத்தல்களைக் கழுவி, துடைத்து, சருகுக்கு மேலே அழகாகப் பரப்பினார்கள். பெரிய மனிதர்கள் கையுறை போட்டு, ஆளுக்கொரு புது விளக்குமாறு பிடித்து, படம் எடுத்து முடியும்வரை, அதாவது நாலு நிமிடம், தூய்மை செய்தார்கள். பிறகு வடையும் நெஸ்கபேயும் சாப்பிட்டுத் தட்டுகளைச் சருகுக்குள் போட்டார்கள். மேடையில் பாலம்மாவுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள்.

பத்திரிகைக்காரர் இன்னொருவர் பிந்தி வருகிறார், அதுவரை பொன்னாடையைக் கழற்றக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அதனால் அவள் பொன்னாடையோடேயே இரண்டு பெட்டிச் சருகையும் கூட்டி அள்ளினாள். வெயில் உச்சிக்கு ஏறியது. அந்தப் பத்திரிகைக்காரர் கடைசிவரை வரவில்லை.

மூன்று மாதம் பொறுத்து மறுபடியும் பொதுமக்கள் நாளுக்குப் போனாள்.

"பொன்னாடை போட்டாச்சு. இனியும் என்ன?" என்றார் இரத்தினம். முகத்தில் உண்மையான மனவருத்தம்.

"தீர்மானம் ஒண்ணு எடுத்தாப் போதும்னு இந்திராதேவி மிஸ் சொன்னாங்க."

"தீர்மானமோ? அதை முதலே சொல்லியிருக்கலாமே!"

அவர் முகம் மலர்ந்தது. சபைக் கூட்டத்துக்கு அவளையும் வரச்சொன்னார். குளித்து, வெள்ளிக்கிழமைச் சேலை உடுத்திப் போனாள். பதினேழு ஆண்டாகக் கூட்டித் துடைத்த மண்டபத்தில் அன்றுதான் முதன்முதலாகக் கதிரையில் உட்கார்ந்தாள்.

பதினொரு உறுப்பினர்களும் ஒன்றேமுக்கால் மணித்தியாலம் விவாதித்தார்கள். அவளுக்கு என்ன பட்டம் கொடுப்பது என்பதே விவாதம். தூய்மைத் தாய் என்றார் ஒருவர். தாய் என்ற சொல் சபை நூலகத்தில் முன்னைய தவிசாளரின் தாயாருடைய படத்துக்குக் கீழே ஏற்கெனவே பாவிக்கப்பட்டுவிட்டது என்று எதிர்க்கட்சி ஆட்சேபித்தது. தூய்மைத் திலகம் என்றார் இன்னொருவர். அது ஒரு சவர்க்காரத்தின் பெயர் போல இருக்கிறதென்று விட்டார்கள். கடைசியில் இரத்தினம் எழுந்தார்.

"கௌரவ உறுப்பினர்களே! எங்கள் எல்லாருக்கும் கௌரவம் எண்ட சொல் இருக்கு. நாங்கள் என்ன வேலை செய்தனாங்கள் எண்டு அது எங்களுக்கு வந்தது? ஒண்டும் செய்யேல்லை. சும்மாதான் வந்தது. அப்பிடியெண்டால் வேலை செய்யிற ஒரு பெண்ணுக்கு அதைக் குடுக்க நாங்கள் ஏன் தயங்க வேணும்? இண்டையிலிருந்து பாலம்மா அம்மையார் எங்கட சபையின்ர கௌரவ சுகாதாரத் தொழிலாளி!"

மேசைகளைத் தட்டினார்கள். எதிர்க்கட்சி வழிமொழிந்தது. சிப்பித்துறை நகரசபையின் வரலாற்றில் ஏகமனதாக நிறைவேறிய முதலாவது தீர்மானம் அது. பாலம்மாவுக்குத் தீர்மானம் என்ற சொல் மட்டும் விளங்கியது. வீட்டுக்குப் போய் மாரிமுத்துவிடம், "எடுத்துட்டாங்க" என்றாள்.

மாத முடிவில் இந்திராதேவி அவளைத் தன் மேசைக்குக் கூப்பிட்டாள். இந்திராதேவி கெட்டவள் அல்ல. கெட்ட செய்தி சொல்லும்போது அவள் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிடுவாள்.

"பாலம்மா, இனி உங்களுக்குச் சம்பளம் போட ஏலாது."

"ஏனுங்க மிஸ்?"

"கௌரவ பதவி எண்டால் சம்பளமில்லாத பதவி. நிதிப் பிரமாணத்தில அப்பிடித்தான் கிடக்கு. சபைத் தீர்மானம் வந்த உடன நான் உங்கட பேரைச் சம்பளப் பட்டியலிலயிருந்து எடுக்கத்தான் வேணும். இல்லாட்டில் கணக்காய்வில என்னைப் பிடிப்பினம்."

"மேயர் ஐயாவும் கௌரவந்தானுங்களே? அவருக்குக் குடுக்குறீங்களே?"

"அது பேருக்கு முன்னால வாற கௌரவம். உங்களுக்கு வந்தது பதவிக்கு முன்னால வாற கௌரவம். ரெண்டும் வேற."

"அப்ப அந்தத் தீர்மானத்தை எடுத்துறச் சொல்லுங்க மிஸ். எனக்கு அது வேணாங்க."

"ஏகமனதா வந்தது. எடுக்கிறதெண்டாலும் எல்லாரும் கை உயர்த்த வேணும். நான் கேட்டுப் பாத்தனான். எதிர்க்கட்சி ஒருக்காலும் சம்மதியாதாம். ஒரு ஏழைத் தொழிலாளிக்குக் குடுத்த கௌரவத்தைப் பறிக்க விட மாட்டினமாம். பறிக்க வெளிக்கிட்டால் உண்ணாவிரதம் இருப்பினமாம்."

வேலையை விட்டுவிடலாம் என்று பார்த்தால் அதுவும் முடியவில்லை. ஒரு மாதம் வராமல் இருந்தாலும் தொடர்சேவை அறுந்துவிடும், பிறகு நிரந்தரம் என்ற பேச்சே இல்லை என்று இந்திராதேவி சொன்னாள். ஆகவே பாலம்மா காலையில் கௌரவமாகத் தெருக் கூட்டினாள், மத்தியானத்துக்குப் பிறகு வயல்களில் கூலிக்கு நாற்று நட்டாள். இப்படிப் பதினொரு மாதம். மாரிமுத்து படுத்த இடத்திலிருந்தே கேட்டான்:

"கௌரவ பாலம்மா அவர்களே, ராவைக்குச் சோறு இருக்குதா, இல்ல அதுவும் தீர்மானமா?"

அவள் சிரித்துவிட்டாள். பிறகு அடுப்படிக்குப் போய் அழுதாள்.

அதற்கிடையில் மாகாணசபைத் தேர்தல் வந்தது. இரத்தினம் வேட்பாளரானார். "பாலம்மாவின் தம்பி" என்று சுவரொட்டி அடித்தார்கள். தம்பி அக்காவைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். கூட்டத்துக்குக் கூட்டம் வான் அனுப்பி அவளை ஏற்றிப்போய், கையில் மாறைக் கொடுத்து மேடையில் நிறுத்தினார்கள். முருங்கன் பக்கம் ஒரு கூட்டத்தில் மயங்கி விழுந்தாள். விடியலிலிருந்து ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. இரத்தினம் அவளைத் தாங்கிப்பிடித்து, ஒலிவாங்கிக்கு வாகாகத் திரும்பி, "பாருங்கள், உங்கள் அன்பைத் தாங்க முடியாமல் விழுந்துவிட்டார்" என்றார். அந்த ஊரில் அவருக்கு அமோகமான வாக்கு விழுந்தது.

வென்றார். கன்னி உரைக்குப் பாலம்மாவைக் கூட்டிப்போனார்கள். மாறோடு பார்வையாளர் மாடத்தில் நிற்க வேண்டும், உரையின் நடுவில் அவர் கைகாட்டுவார், அவள் மாறைத் தூக்கிக் காட்ட வேண்டும் என்பது ஏற்பாடு. வாசலில் நின்ற காவலர் மாறைப் பறித்துவிட்டார். கூரான பொருட்களுக்கு உள்ளே அனுமதி இல்லை.

இரத்தினம் செந்தமிழில் முழங்கினார்.

"கௌரவ அவைத்தலைவர் அவர்களே! நகரசபையில் நான் இருந்த காலத்தில் மக்கள் என்னிடம் தண்ணீர் கேட்டார்கள். வீதி கேட்டார்கள். விளக்குக் கேட்டார்கள். நான் கொடுத்தேனா? இல்லை! ஏன் கொடுக்கவில்லை? கொடுத்திருந்தால் இன்று அவர்கள் எதைக் கேட்பார்கள்? கேட்பது மக்களின் பிறப்புரிமை. அந்த உரிமையை ஒரு நாளும் தீர்ந்துபோக விடாமல் காத்தவன் நான்! அதே பணியை இந்த உயர்ந்த சபையிலும் தொடர்வேன் என்று உறுதியளிக்கிறேன். என் அரசியல் ஆசான் யார்? அதோ பாருங்கள், கையில் விளக்குமாறுடன்!"

எல்லோரும் மேலே பார்த்தார்கள். பாலம்மா வெறுங்கைகளை உயர்த்தினாள். அவள் தங்களைக் கும்பிடுவதாக நினைத்து உறுப்பினர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

தேநீர் இடைவேளையில் தாழ்வாரத்தில் அவரைப் பிடித்தாள்.

"ஐயா, இன்னும் எட்டு மாசந்தான் இருக்குதுங்க."

"எதுக்கு?"

"நாப்பத்தஞ்சுக்கு."

இரத்தினம் அவள் தோளில் கைவைத்தார். அதற்கு முன் அவர் அவளைத் தொட்டதில்லை, மயங்கி விழுந்த அன்றைத் தவிர.

"பாலம்மா, நீ கேக்கிறது உள்ளூராட்சி விசயம். நான் இப்ப மாகாணம். நான் ரெலிபோன் எடுத்து ஒரு வார்த்தை சொன்னால் அந்த நிமிசமே முடிஞ்சிடும். ஆனால் அது அதிகாரத் தலையீடு. நீ என்னைப் பிழை செய்யச் சொல்லுறியே?"

அந்த நிமிடமே முடியக்கூடிய ஒரு விஷயத்துக்காக அவரைப் பிழை செய்யச் சொன்னோமே என்று பாலம்மா வெட்கப்பட்டாள்.

மாகாணசபை உறுப்பினருக்கு ஒதுக்கீடு உண்டு. இரத்தினத்தின் முதலாவது ஒதுக்கீட்டில் சிப்பித்துறை பஸ் நிலையத்தில் பாலம்மாவுக்குச் சிலை வைப்பதென்று முடிவானது. சீமெந்து எந்தக் கடையிலிருந்து வந்தது என்பதைச் சொல்லத் தேவையில்லை. சிற்பி ஒரு நாள் வந்து அவளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். நாலடி பத்தங்குலம் என்றதும் உதட்டைப் பிதுக்கினார். இந்த உயரத்தில் வைத்தால் பஸ் மறைத்துவிடும் என்றார். முகமும் கொஞ்சம் ஒட்டிப்போய்க் கிடக்கிறது, ஒரு சிலைக்கு இது போதாது என்றார். முடிவில் எழும்பிய சிலை ஐந்தடி எட்டங்குலம். நல்ல தசைப்பிடிப்பு. மஞ்சள் நிறத்தில் பூசியிருந்தார்கள். இரத்தினத்தின் மனைவியின் கல்யாணப் படம் ஒன்றைச் சிற்பிக்கு மாதிரியாகக் கொடுத்திருந்ததாகப் பிறகு தெரிந்தது. அடியில் பளிங்கில் நாலு வரி. முதல் மூன்று வரியும் இரத்தினத்தின் பெயரும் பட்டங்களும். நாலாவது வரியில் பாலம்மா நினைவாக என்று இருந்தது.

சிலை திறந்து ஒரு கிழமைக்குள் சபையிலிருந்து தொலைபேசி வந்தது. பேசியது டிலக்‌ஷன், இரத்தினத்தின் மருமகன் முறையானவன். சபையில் ஏதோ வேலையாகத் திரிந்துகொண்டிருந்தான்.

"பாலம்மாக்கா, விசயம் தெரியுமே? உங்கட பேர் நிரந்தரப் பதிவேட்டில ஏறியிட்டுது. நான் கண்ணால கண்டனான்!"

நாற்பத்தைந்துக்குப் பதினொரு நாள் மிச்சம் இருந்தது. பாலம்மா கடனுக்கு லட்டு வாங்கி ஐம்பது வீட்டின் முப்பத்தொரு வீட்டுக்கும் கொடுத்தாள். மாரிமுத்து விழுந்த நாளிலிருந்து வலிக்குக்கூட அழாதவன். அன்று முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு அழுதான். அடுத்த நாள் மிச்ச லட்டோடு அவள் சபைக் கந்தோருக்குப் போனாள். இந்திராதேவி ஒரு லட்டை எடுத்துக் கடித்துவிட்டு என்ன விசேஷம் என்று கேட்டாள். பாலம்மா சொன்னதைக் கேட்டதும் கண்ணாடியைக் கழற்றினாள்.

பிறகு எழுந்துபோய் அலுமாரியைத் திறந்து, தடித்த பதிவேடு ஒன்றைக் கொண்டுவந்து விரித்துக் காட்டினாள். நிரந்தரச் சொத்துப் பதிவேடு. விரித்த பக்கத்தில் தண்ணீர்த் தாங்கி ஒன்றும் அரைக்கும் இயந்திரம் ஒன்றும் இருந்தன. அவற்றுக்குக் கீழே:

பாலம்மா. சீமெந்து. உயரம் ஐந்தடி எட்டங்குலம். நிலை: நன்று.

பாலம்மா அந்த வரியை எழுத்துக்கூட்டி வாசித்தாள். வாசித்து முடித்து, "மிச்ச லட்டை இங்கேயே வச்சிட்டுப் போறேங்க மிஸ்" என்றாள்.

பதினொரு நாளும் போயின. சிலையைப் பராமரிக்க ஒரு நிரந்தர ஊழியர் தேவை என்று சபை விளம்பரம் செய்தது. வயது முப்பத்தைந்துக்குக் கீழ் இருக்க வேண்டும். சிலையின் வாழ்க்கை வரலாறு தெரிந்திருப்பது மேலதிகத் தகைமை. பாலம்மாவும் விண்ணப்பித்தாள், வயது ஒத்துவரவில்லை. நேர்முகத் தேர்வில் பாலம்மாவின் வாழ்க்கை வரலாற்றைச் சரளமாகச் சொன்ன டிலக்‌ஷன் தெரிவானான். அவள் யாழ்ப்பாணத்தில் பிறந்தவள் என்றும், சிறு வயதிலேயே காலமானவள் என்றும் சொன்னானாம்.

அந்தக் கிழமை அவள் மாறைச் சபைச் சுவரில் சாத்திவிட்டு வெளியே வந்தாள். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. பேசாலையில் ஒரு கருவாட்டு வாடியில் சபூரா என்ற பெண் வேலைக்கு ஆள் எடுப்பதாகக் கேள்விப்பட்டு, பஸ் பிடித்து மன்னார்த் தீவுக்குப் போனாள். மீனைக் கீறி, உப்பிட்டு, வெயிலில் பரப்பி, நேரத்துக்கு நேரம் புரட்ட வேண்டும். சபூரா பட்டம் ஒன்றும் கொடுக்கவில்லை. சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை கூலி கொடுத்தாள்.

மாகாணசபையின் ஐந்து ஆண்டு முடிந்து அது கலைந்தது. அடுத்த தேர்தல் இதோ வருகிறது என்றார்கள். ஆண்டுகள் வந்தன, தேர்தல் வரவில்லை. இரத்தினம் முன்னாள் கௌரவ உறுப்பினர் என்று கடிதத்தாள் அடித்துக்கொண்டு, இல்லாத சபையின் சார்பில் இருக்கிற விழாக்களுக்குப் போய்வந்தார். அதுவும் அலுத்த நேரத்தில் நகரசபைத் தேர்தல் வந்தது. ஐம்பது வீடு அடங்கிய ஏழாம் வட்டாரத்தில் அவர் மறுபடியும் நின்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்துப் பன்னிரண்டு பேரோடு பாலம்மா வீட்டுக்கு வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது.

"அக்கா! எப்பிடி இருக்கிறியள்? அத்தான் எங்க?"

அத்தான் மாரிமுத்து இறந்துபோய் மூன்று ஆண்டு ஆகியிருந்தது. பாலம்மா அதைச் சொன்னாள். அவர் ஒரு நிமிடம் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். கூட வந்தவர்களில் ஒருவன் படம் எடுத்தான்.

"இந்தமுறை நான் தவிசாளராய் வந்த உடன முதல் வேலை உங்கட நிரந்தரம்தான்."

"எனக்கு அம்பத்தஞ்சு ஆச்சுங்க."

இரத்தினம் சற்றுத் தடுமாறினார். பிறகு உள்ளே தையல் மெசினில் இருந்த கிருசாந்தினியைக் கண்டார்.

"அப்ப மகளுக்கு! மகள் என்ன படிச்சவ? ஏ.எல். வரைக்குமோ? போதும், போதும். கந்தோரில ஒரு மேசை போட்டுத் தாறன். இது சத்தியம்."

அவர்கள் போனபின் கிருசாந்தினி, "அம்மா, இந்தாளுக்கு மட்டும் போட்டிராத" என்றாள். பாலம்மா மூன்று நாள் மீன் புரட்டிக்கொண்டே யோசித்தாள். மற்ற வேட்பாளர்கள் ஐம்பது வீட்டுப் பக்கமே வரவில்லை. இவராவது வந்து பொய் சொன்னார். பத்துப் பொய்யில் ஒன்று தவறி மெய்யாகிவிட்டால்? தேர்தல் நாளன்று விடிய வரிசையில் நின்றபோது, அவருக்கே போடுவதென்று முடிவுசெய்திருந்தாள்.

வாக்குச்சாவடியில் அவளுடைய அடையாள அட்டையை வாங்கிய பெண் பட்டியலில் விரலை ஓட்டினாள். விரல் நின்றது.

"அம்மா, உங்கட பேர் வெட்டிக் கிடக்கு. இறந்தவர் எண்டு போட்டிருக்கு."

அங்கே நின்ற கிராம அலுவலர் பிரணவன் ஓடிவந்தார். இரண்டு ஆண்டுக்கு முன் மாற்றலாகி வந்தவர். இளம் வயது. பாலம்மாவைப் பார்த்ததும் அவருக்கு வியர்த்தது.

"அம்மா, நான் பட்டியல் திருத்த வரேக்க நீங்கள் வீட்டில இல்லை. பஸ் நிலையத்தில சிலை பாத்தனான். நினைவாக எண்டு எழுதிக் கிடந்தது. உயிரோட இருக்கிற ஆளுக்கு ஆர் சிலை வைப்பினம் எண்டு…"

வாக்களிக்க முடியவில்லை. பாலம்மா பேசாலை பஸ்ஸைப் பிடித்தாள்.

இரத்தினம் ஒரே ஒரு வாக்கால் தோற்றார்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குக் கருவாட்டு வாடிக்கு முன்னால் ஜீப் வந்து நின்றது. வாக்குச்சாவடியில் நின்ற தன் ஆட்களிடம் கதையைக் கேட்டிருந்த இரத்தினம் மணலில் விழுந்தடித்து ஓடிவந்தார்.

"அக்கா, நீங்கள் உயிரோட இருக்கிறியள்!"

"ஆமாங்க."

"அதை எழுதிக் குடுக்க வேணும். வாங்கோ, ஏறுங்கோ!"

கை கழுவக்கூட விடவில்லை. ஜீப் முதலில் சிப்பித்துறை நகரசபைக்குப் போனது. அங்கே செயலாளராகிவிட்டிருந்த இந்திராதேவியிடம் அவர் பாலம்மாவின் கோவையைக் கேட்டார். காணாமல்போனது என்று பத்து ஆண்டாகச் சொல்லப்பட்டுவந்த கோவை, பத்து நிமிடத்தில் வந்தது. பதினேழு ஆண்டு வரவுப் பதிவு, சேவைச் சான்றிதழ், நன்னடத்தைச் சான்றிதழ் எல்லாம் தட்டச்சாகி, முத்திரை குத்தி, கையெழுத்தாகின. பாலம்மா மூலைக் கதிரையில் மீன் மணத்தோடு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். சுவர் மணிக்கூட்டில் முழுவதும் முடிய நாற்பது நிமிடம் எடுத்தது. அவள் இரண்டுமுறை மணிக்கூட்டைப் பார்த்தாள். இந்திராதேவி கண்ணாடியைக் கழற்றியவள் திரும்பப் போடவே இல்லை.

அடுத்து மன்னாருக்கு, தேர்தல் கந்தோருக்கு. மேசைக்குப் பின்னால் நடுவயதுப் பெண் அதிகாரி ஒருவர் இருந்தார். இரத்தினம் கடிதங்களை அவர் முன்னால் விசிறினார்.

"மடம், இந்தப் பெண் இருக்கிறா! நான் சாட்சி! பதினேழு வருஷம் ஒரு நாள் தவறாமல் தெருக் கூட்டினவ. பதினொரு மாதம் சம்பளம் இல்லாமல்கூட வேலை செய்தவ. எப்பவோ நிரந்தரமாக்கியிருக்க வேண்டிய ஆள்! இப்பிடிப்பட்ட ஒருத்தியைச் செத்தவ எண்டு எழுதினால், இதைவிட அநியாயம் இருக்கே?"

அதிகாரி கடிதங்களை ஒவ்வொன்றாக வாசித்தார்.

"சம்பளத்தை ஆர் நிப்பாட்டினது?"

"சபை."

"அப்ப தவிசாளராய் இருந்தது ஆர்?"

இரத்தினம் கைலேஞ்சியை எடுத்து நெற்றியைத் துடைத்தார். "அது பழைய கதை மடம். இப்ப விசயம் அவவின்ர வாக்கு. அது சேர்ந்தால் சமன், சீட்டுக் குலுக்கிப் பாக்கலாம்."

"சரி. இவ உயிரோட இருக்கிறா. அதை நான் பதியிறன். ஆனால் முடிவை மாத்திறதெண்டால் நீங்கள் நீதிமன்றத்துக்குத்தான் போக வேணும். அங்கேயும் ஒரு கேள்வி வரும். இவ போட்டிருந்தால் உங்களுக்குத்தான் போட்டிருப்பா எண்டு என்ன ஆதாரம்?"

"என்ன ஆதாரமோ? அவவே சொல்லுவா!" இரத்தினம் பாலம்மாவின் பக்கம் திரும்பினார். குரல் குழைந்தது. "அக்கா, பயப்பிடாமல் சொல்லுங்கோ. ஆருக்குப் போட இருந்தனீங்கள்? எனக்குத்தானே?"

மேசையில் அவளுடைய சேவைச் சான்றிதழ் விரிந்து கிடந்தது. அதில் மை இன்னும் பளபளத்துக்கொண்டிருந்தது. பாலம்மா அதைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். வாழ்நாளில் முதன்முதலாக அவர் அவளிடம் ஒன்றைக் கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்துக்கொண்டிருந்தார்.

"வாக்கு ரகசியமுங்க, ஐயா" என்றாள் பாலம்மா.

"அக்கா!"

"அதைச் சொல்லக் கூடாதுங்க. சட்டமாம்."

அதிகாரி குனிந்து எதையோ எழுதினார். எழுத வேண்டிய அளவுக்கு மேலேயே எழுதினார். பாலம்மா எழுந்து சேலையை உதறிக்கொண்டு வெளியே வந்து, பேசாலை பஸ் எத்தனை மணிக்கு என்று வாசலில் நின்றவரிடம் கேட்டாள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. மத்தியானத்துக்குள் போய் மீனைப் புரட்டிப் போடாவிட்டால் ஒரு பக்கம் கருகிவிடும்.